மூன்று முறை கேஸ் நிரப்பியும் குளிராத ஃபிரிட்ஜ்: வாரண்டி முடிய இன்னும் 23 நாட்கள்தான்

பொருநைச்செல்வி, பாளையங்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் ரூ.28,500 கொடுத்து ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினோம். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் ஃப்ரீசரில் ஐஸ் கட்டுவது நின்றது. கீழ்த்தட்டில் வைத்த பால் மாலைக்குள் திரிந்தது.

முதலில் வந்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். சரியாகப் பதினெட்டு நாள் குளிர்ந்தது. அடுத்து வந்தவரும் கேஸ் நிரப்பினார். போகும்போது, உங்கள் தெருவில் மின்னழுத்தம் சரியில்லை, ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்றார். ரூ.2,400 கொடுத்து வாங்கினோம். மூன்றாவதாக வந்தவர் கேஸ் நிரப்பி முடித்த கையோடு, செல்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டார். குளிர்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “ஆறு மணி நேரம் கழித்துத்தான் குளிரும் அம்மா, எண்ணைச் சொல்லாவிட்டால் நான் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது” என்றார். இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டேன். அவர் படி இறங்குவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிட்டது: உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.

மறுநாள் காலையில் ஃப்ரீசரில் கைவைத்தால் அறைச் சூட்டில் இருந்தது. வாடிக்கையாளர் மையத்தில் கேட்டால், முந்தைய மூன்று புகார்களும் உங்கள் ஒப்புதலோடு முடிக்கப்பட்டவை, புதிதாகப் புகார் பதியுங்கள் என்கிறார்கள். கூடவே, வாரண்டி முடியப்போகிறது, ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். கடைக்காரர் பில்லைத் திருப்பிக் காட்டுகிறார். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சடித்திருக்கிறது.

என் அப்பாவுக்கு நாள்தோறும் இன்சுலின் போடவேண்டும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில்தான் கொடுத்துவைத்திருக்கிறோம். அவர்கள் ஊருக்குப் போனால், மண்பானையில் ஈரத்துணி சுற்றி அதற்குள் டம்ளரை இறக்கி வைக்கிறேன். என்ன செய்யலாம்? 23 நாட்கள் கடந்துவிட்டால் எல்லாம் போய்விடுமா?

நெருப்பாறு, சென்னை:

சகோதரி, படிக்கும்போதே வயிறு எரிகிறது. அந்த நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் படத்தோடு எழுதுங்கள். நாலு பேர் பார்த்தால்தான் இவர்கள் அசைவார்கள். இழப்பீடு ஐந்து லட்சம் கேளுங்கள். அப்போதுதான் புத்தி வரும்.

தபால்காரர், தென்காசி:

மகளே, அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். தொலைபேசியில் எத்தனை முறை கத்தினாலும் அது காற்றோடு போகும். இன்றே மூன்று காரியம் செய். பில்லை எடுத்து நகல் போடு. வெப்பத்தாளில் அடித்த பில் என்றால் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். என் மருமகனின் டி.வி. பில்லை எடுத்துப் பார்த்தபோது வெள்ளைக் காகிதம்தான் கையில் இருந்தது. அடுத்து, மூன்று புகார் எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுது. அந்தக் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதே. மூன்றாவதாக, நான்காவது புகாரை இன்றே பதிவு செய், அதுவும் மின்னஞ்சலில். “கேஸ் மூன்று முறை நிரப்பியும் அதே கோளாறு” என்ற சொற்கள் அதில் இருக்கவேண்டும்.

அடுத்த முறை மெக்கானிக் வந்தால், அவர் என்ன பழுது கண்டார், என்ன செய்தார் என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லவேண்டும். மறந்துவிடாதே.

பொருநைச்செல்வி:

ஐயா, மிக்க நன்றி. பில்லில் தேதி இப்போதே மங்கலாகத்தான் தெரிகிறது. உடனே நகல் எடுத்துவிட்டேன். சர்வீஸ் ரிப்போர்ட் என்று இதுவரை ஒருவரும் எதையும் கொடுக்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

வைகைக்கரை, மதுரை:

நான் வழக்குரைஞர். நுகர்வோர் வழக்குகளும் நடத்துகிறேன். பொருநைச்செல்வி அவர்களின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

23 நாட்கள் கழிந்தால் உங்கள் உரிமை போய்விடாது. கோளாறு வாரண்டிக் காலத்துக்குள் தோன்றியது, அதற்குள் மூன்று முறை தெரிவித்தும் இருக்கிறீர்கள். அது தீராமலே வாரண்டி முடிந்தால், நாள் கடத்தியவர்கள் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற வரியைப் பார்த்து எத்தனையோ பேர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். இப்போதைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் எழுதியே இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது, ஆனாலும் கவலை வேண்டாம். குறைபாடுள்ள பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையமே உத்தரவிடலாம். கடைக்காரர் அச்சடித்த ஒரு வரி அந்த அதிகாரத்தை மறிக்க முடியாது.

கட்டணம் பற்றியும் அஞ்சவேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே முடிந்துவிடும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்கள்தான் திருநெல்வேலிக்கு வரவேண்டும். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இல்லை.

நெருப்பாறு அவர்களே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஐந்து லட்சம் என்பதை ஏற்க மாட்டேன். கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் காட்டவேண்டும். ஃபிரிட்ஜ் விலை, ஸ்டெபிலைசர் விலை, இன்சுலின் வீணாகியிருந்தால் அதற்கு மருந்துக்கடை பில், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேட்டால், படிக்கும் ஆணையத்துக்கு மனுவின் மேல் நம்பிக்கை வரும்.

நெருப்பாறு:

அம்மா, மருந்துக்கடை பில் எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊடகத்தில் எழுதுவதில் என்ன தவறு?

வைகைக்கரை:

தவறில்லை. நடந்ததை நடந்தபடி எழுதலாம். “திருடர்கள்” என்று எழுதினால் அவதூறு என்று அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள், பேச்சு ஃபிரிட்ஜை விட்டுப் போய்விடும். ஊடகப் பக்கத்தில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. எழுத்து மூலமான நோட்டீஸ் போயே ஆகவேண்டும்.

கடைவீதி, ஈரோடு:

நான் 22 ஆண்டுகளாக வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

எங்களிடம் மெக்கானிக் இல்லை. சர்வீஸ் முழுவதும் நிறுவனத்தின் ஒப்பந்ததாரர் கையில். அந்தப் பையனுக்கும் முடித்த புகார் எண்ணிக்கையை வைத்துத்தான் பணம். ஓ.டி.பி. எண்ணுக்கு அவன் அவசரப்படுவது அதனால்தான். பொருளை நாங்களே மாற்றிக் கொடுத்தால், நிறுவனம் எங்களுக்கு மாற்றித் தராது. 28,500 ரூபாய்ப் பொருளில் எனக்கு மிஞ்சுவதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆனாலும் அந்த அம்மாவிடம் பில்லைத் திருப்பிக் காட்டியது தவறு. வாங்கும்போது சிரித்த முகத்தோடு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, பழுதானதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது வியாபாரம் ஆகாது. என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நோட்டீஸை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள், கடைக்கும் அனுப்புங்கள். கடைக்கு நோட்டீஸ் வந்தால் நாங்கள் அதைப் பகுதி மேலாளருக்கு அனுப்புவோம். வாய்வார்த்தையாக நாங்கள் பத்து முறை சொன்னால் கேட்காதவர், காகிதம் போனால் மறுநாள் தொலைபேசியில் கூப்பிடுகிறார். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மூன்று முறை கேஸ் நிரப்பியும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் உள்கசிவு. ஃபிரிட்ஜின் சுவருக்குள் ஃபோம் அடைத்த இடத்தில் குழாய் ஓட்டையாகியிருக்கும். அதை வெளியே எடுத்துப் பற்றவைக்க முடியாது. மின்னழுத்தத்தால் கேஸ் கசியாது. அதைச் சொன்னவரிடம், மீட்டர் வைத்து அளந்த அளவை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பொருநைச்செல்வி:

அண்ணாச்சி, உங்கள் நேர்மைக்கு நன்றி. அந்த ஸ்டெபிலைசரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. எங்கள் தெருவில் பதினோரு வீடு, எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் ஓடுகிறது.

நோட்டீஸ் எப்படி எழுதுவது? வழக்குரைஞர் கையெழுத்து இருந்தால்தான் செல்லுமா?

தபால்காரர்:

வழக்குரைஞர் வேண்டியதில்லை. நீயே எழுதலாம். என் தம்பிக்கு எழுதிக் கொடுத்ததை உனக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன்:

“ஐயா, தங்கள் நிறுவனம் தயாரித்த, இன்ன வரிசை எண் கொண்ட ஃபிரிட்ஜை, இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், ரூ.28,500 செலுத்தி இக்கடையில் வாங்கினேன். வாரண்டிக் காலத்துக்குள் குளிரூட்டல் நின்றது. இன்ன தேதிகளில், இன்ன எண்களில் மூன்று முறை புகார் செய்தேன். ஒவ்வொரு முறையும் கேஸ் மட்டும் நிரப்பப்பட்டது. கோளாறின் காரணம் கண்டறியப்படவில்லை. பழுது நீங்காமலே புகார்கள் முடிக்கப்பட்டன. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய ஃபிரிட்ஜ் தரவேண்டும், அல்லது முழு விலையையும் திருப்பித் தரவேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.”

இவ்வளவு போதும். கீழே பில் நகல் இணைப்பு. விரைவு அஞ்சலில், ஒப்புகை கேட்டு அனுப்பு. அனுப்பிய ரசீதைக் கடித நகலோடு சேர்த்துப் பின் செய்து வை. வசை ஒரு சொல்கூட வேண்டாம்.

வைகைக்கரை:

ஐயாவின் கடிதம் அருமையாக இருக்கிறது. “பழுது நீங்காமலே புகார்கள் முடிக்கப்பட்டன” என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஓ.டி.பி. கொடுத்ததால் நீங்கள் திருப்தியடைந்தீர்கள் என்று அவர்கள் பதில் மனுவில் சொல்வார்கள். மறுநாளே நீங்கள் மீண்டும் அழைத்த பதிவும் இந்த வரியும்தான் அதற்கு விடை.

நோட்டீஸ் அனுப்பும் அன்றே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டாலும் இன்னொரு பதிவு உங்கள் கையில் இருக்கும்.

மாவுக்கடை, திண்டுக்கல்:

நான் தோற்றவன். இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்று எழுதுகிறேன்.

இட்லி மாவு விற்கும் கடைக்கு ஒரு பெரிய கிரைண்டர் வாங்கினேன். நான்கே மாதத்தில் மோட்டார் எரிந்தது. எல்லாக் காகிதமும் வைத்திருந்தேன். ஆனால் மனுவில், வணிகத்துக்காக வாங்கிய கிரைண்டர் பழுதாகி வருமானம் போனது என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று வழக்குத் தள்ளுபடி ஆனது. நானும் என் மனைவியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அரைத்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். அதைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை.

வைகைக்கரை:

உங்களுக்கு நேர்ந்தது மிகுந்த வேதனை தருகிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர்தான். உச்ச நீதிமன்றம் 1995-இலேயே இதை விளக்கிவிட்டது. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்துக்கும் நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டுக்கும் நடந்த வழக்கு அது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், வாங்கி முழுக்க வேறொருவர் ஓட்ட விடுபவர் நுகர்வோர் அல்லர் என்று அதில் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றுதான் முடிந்தது. ஆனால் தையல் இயந்திரம், கிரைண்டர், ஆட்டோ வாங்கும் எளியவர்களுக்கு அந்த விளக்கம்தான் இன்றும் துணை. அதனால் இப்படிப்பட்ட பொருளுக்கு மனு எழுதும்போது, “நானும் என் குடும்பத்தாரும் சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வாங்கியது” என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு அது கடந்துவிட்டதா?

மாவுக்கடை:

ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது அம்மா. புதிய மோட்டார் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

புதுவரவு, சேலம்:

இணையத்தில் வாங்கிய செல்பேசிக்கும் இதே முறைதானா?

வைகைக்கரை:

ஆம். கூடுதலாக, 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்கவேண்டும்.

கொங்குமகள், திருப்பூர்:

நான் வென்றவள். வழக்குரைஞர் வைக்காமல், சலவை இயந்திரத்துக்காக. அதில் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் வென்றவர்கள் அதைச் சொல்வதில்லை.

மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்தேன். அப்போது இ-தாக்கில் என்ற தளம் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்று மாற்றியிருக்கிறார்கள். மனு, பிரமாணப் பத்திரம், சான்றாவணங்கள் எல்லாவற்றுக்கும் பக்க எண் போடவேண்டும். முதல் முறை பக்க எண் விட்டுப்போனதால் திருப்பி அனுப்பினார்கள். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், தேவையானால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்தில் முடியவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு 14 மாதம் ஆனது. ஏழு முறை போனேன், ஒவ்வொரு முறையும் பனியன் கம்பெனியில் ஒருநாள் கூலி போனது.

முதல் நாள் கை நடுங்கியது. எதிரே கறுப்பு அங்கி அணிந்தவர். நான் தமிழில் பேசலாமா என்று கேட்டேன். தலைவர், “தாராளமாகப் பேசுங்கள் அம்மா, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். தேதிவாரியாக எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தேன். இயந்திரத்தின் டிரம் இடித்து இடித்துத் தரையில் நகர்ந்த வீடியோவைக் காட்டினேன். நாற்பது விநாடிதான் இருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் தரப்பில் அதிகம் பேசவில்லை.

பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கெடு கடந்தும் பணம் வரவில்லை. நிறைவேற்று மனு போட்டேன். ஆணைய உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000-க்குக் குறையாத, ஒரு லட்சம் வரையிலான அபராதம், அல்லது இரண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மனுவின் நகல் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் வரைவோலை வந்தது.

செல்வி, உன் அப்பாவின் மருந்தை மண்பானையில் வைத்திருப்பதைப் படம் எடுத்து வை. தேதி தெரியட்டும்.

பொருநைச்செல்வி:

அக்கா, உங்கள் பதிவைக் குடும்பத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பானையைப் படம் எடுத்துவிட்டேன். நோட்டீஸ் இரண்டும் இன்று காலை அஞ்சலில் போய்விட்டன. 1915-இலும் பதிவு செய்தேன்.

பொருநைச்செல்வி, 12 நாட்கள் கழித்து:

நடந்ததைச் சொல்ல வந்தேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்த நான்காம் நாள் கடையிலிருந்தே அழைத்தார்கள். ஈரோட்டு அண்ணாச்சி சொன்னபடியே பகுதி மேலாளர் வந்தார், கூடவே மூத்த மெக்கானிக் ஒருவர். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கருவி வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் “உள்கசிவு, சரிசெய்ய இயலாது” என்று எழுதிக் கையெழுத்திட்டார். மின்னழுத்தத்தை அளந்து எழுதச் சொன்னேன். 228 வோல்ட் என்று எழுதினார். ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதற்கு முன் அந்தத் தாளை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதே மாடல் புதிது தருகிறார்களாம். ஆனால் ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “இப்பொருள் தொடர்பாக எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இருக்கிறது. போடலாமா?

வைகைக்கரை:

அப்படியே போடாதீர்கள். புதிய ஃபிரிட்ஜும் பழுதானால் என்ன செய்வீர்கள்? “பழைய ஃபிரிட்ஜுக்கு மாற்றாக, இன்ன வரிசை எண் கொண்ட புதிய ஃபிரிட்ஜைப் பெற்றுக்கொண்டேன்” என்று மட்டும் எழுதுங்கள். பொருள் வந்து இறங்கி, ஓடவைத்துப் பார்த்த பிறகு கையெழுத்து. புதிய ஃபிரிட்ஜுக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மாற்றித் தந்த பொருளுக்குப் பழைய பில் தேதியையே கணக்கிடுபவர்கள் உண்டு. அப்படியானால் உங்கள் புதிய ஃபிரிட்ஜின் வாரண்டி ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

பொருநைச்செல்வி:

கேட்டேன் அம்மா. பழைய தேதிதான் என்றார் மேலாளர். அப்படியானால் ஃபிரிட்ஜ் வேண்டாம், பணத்தைத் தாருங்கள், இல்லாவிட்டால் ஆணையத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கோபப்படாமல்தான் சொன்னேன். மேலிடத்தில் பேசிவிட்டு மாலையில் அழைத்தார். இறக்கும் நாளிலிருந்து ஓராண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்டெபிலைசர் பணமும் இன்சுலின் பணமும் தர மாட்டார்களாம். அதை விடுவதா வேண்டாமா என்று அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறதே.

வியாழக்கிழமை வண்டி வருகிறதாம். வாரண்டித் தேதி போட்ட மின்னஞ்சல் அதற்கு முன் வந்து சேர்ந்தால்தான் பழையதை ஏற்ற விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.